உம்மாவின் மூச்சும் நாங்கள் மறைத்த குளிசையும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். இதை எழுதுவதா வேண்டாமா என்று நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் பல நாள் யோசித்தோம். கடைசியில் உம்மாவிடமே கேட்டோம். "எழுதுங்க. நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கட்டும். என்ட பேர மட்டும் போடாதீங்க" என்றார். அவர் பேரையும் போடவில்லை, ஆஸ்பத்திரியின் பேரையும் போடவில்லை. பிழை ஆஸ்பத்திரியில் இல்லை. பிழை எங்களில்தான்.

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு உம்மாவுக்கு இளைப்பு. முற்றம் கூட்டினால் இருந்து இருந்துதான் கூட்டுவார். முகம் வெளிறிப் போனது. இரத்தம் சோதித்தபோது ஈமோகுளோபின் 7. "எங்கேயோ உள்ளுக்குள்ள இரத்தம் கசியுது. மேலேயும் கீழேயும் கமெரா விட்டுப் பார்க்க வேணும்" என்றார் டொக்டர். மேலே பார்ப்பது எண்டோஸ்கோப்பி, கீழே பார்ப்பது கொலனோஸ்கோப்பி. தொண்டைக்கு மரக்கப் பண்ணும் மருந்தை அடித்துவிட்டு, ஆள் முழித்திருக்கவே எண்டோஸ்கோப்பி செய்து முடிப்பதும் உண்டு. சில நிமிட வேலை. உம்மாவுக்கு இரண்டும் ஒரே நாளில். போதாததற்குப் பயம் வேறு. அதனால் ஊசி போட்டு அரை மயக்கத்தில் செய்வதாகச் சொன்னார்கள்.

சுபஹ் தொழுதுவிட்டு முள்ளியவளையிலிருந்து வான் பிடித்தோம். ஒட்டுசுட்டான் தாண்டி மாங்குளம் சந்தியில் ஏ9 ஏறும்போது நன்றாக விடிந்துவிட்டது. வழி முழுக்க உம்மா வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். இடையில் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். தஸ்பீஹ் மணி என்று நினைத்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். நிறை எவ்வளவு? கடைசியாக எப்போது சாப்பிட்டது? கட்டுப் பல் இருக்கிறதா? நித்திரையில் குறட்டை விடுவாரா? என்னென்ன குளிசை போடுகிறார்? நித்திரைக் குளிசை ஏதும் உண்டா?

அந்தக் கடைசிக் கேள்வியில் உம்மா எங்கள் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடி எதற்கென்று எங்களுக்கு விளங்கியது.

"பிரஷர் குளிசை மட்டும்தான் மிஸ்ஸி" என்றோம்.

"குறட்டை?"

"இல்லை. இருந்திருந்துதான்."

இரண்டுமே பொய். உம்மாவின் குறட்டை தாங்காமல் பேரப்பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மற்ற அறைக்கு ஓடுவார்கள். குறட்டை நடுவில் சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு மூச்சு முட்டியவர் போல் ஒரு இழுப்பு இழுத்து மறுபடி தொடங்குவார். அதை நாங்கள் பகிடியாகப் பேசிச் சிரித்திருக்கிறோம். அது நோயின் அடையாளம் என்று தெரியாது.

நித்திரைக் குளிசையின் கதை வேறு. 1990 ஒக்டோபரில் எங்கள் சனங்கள் உடுத்த உடுப்போடு வடக்கை விட்டு வெளியேறியபோது உம்மாவின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில். இருபது வருடம் கழித்து ஊர் திரும்பி, காடு வெட்டி, வீடு கட்டி, வாப்பா ஆறுதலாக உட்காருவார் என்றிருந்த நேரத்தில் அவர் மௌத்தானார். அன்றிலிருந்து உம்மாவுக்கு நித்திரை இல்லை. ஒரு டொக்டர் இரண்டு கிழமைக்கு எழுதிக் கொடுத்த குளிசையை உம்மா பத்து வருடம் போட்டார். துண்டு இல்லாமலே ஒரு கடையில் கிடைத்தது. எங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. "நித்திரைக் குளிசை போடுறவள் என்டா மண்டை சரியில்லை என்டு கதைப்பாங்க மகள்" என்பார். நாங்களும் அந்த வெட்கத்தை உம்மாவோடு சேர்ந்து காப்பாற்றி வந்தோம்.

உள்ளே கூட்டிப் போகும் முன் இன்னொரு இழுபறி. மேலே போட்டிருந்த துணியை எடுக்கச் சொன்னார் தாதி. எங்களுக்கு மனம் வரவில்லை. "மூடிக்கொண்டே செய்ய ஏலாதா மிஸ்ஸி?" என்று கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "தலைக்குத் தொப்பி தாறன். உடம்புக்குப் போர்வை தாறன். ஆனா கழுத்தும் நெஞ்சும் எனக்குத் தெரியவேணும். அம்மாட மூச்சை நான் அங்கதான் பார்க்கிறது" என்றார். பேத்திமார் பெருநாளைக்கு வைத்துவிட்ட கறுப்பு மருதோன்றி உம்மாவின் விரல்களில் அப்படியே இருந்தது. ஒட்சிசன் பார்க்கும் கிளிப் முதல் விரலில் சரியாக எடுக்கவில்லை. பிறகு காதுமடலில் மாட்டினார்கள்.

வெளியே வாங்கில் இருந்தோம். உள்ளே மெசின் பீப் பீப் என்று ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஆறுதலாகத்தான் இருந்தது.

பத்து நிமிடம் போயிருக்கும். திடீரென்று அந்தத் தாதியின் குரல்: "அம்மா! மூச்சை எடுங்கோ! அம்மா, இழுத்து விடுங்கோ!"

மூன்று பேரும் எழும்பிவிட்டோம். பீப் சத்தம் மாறவே இல்லை. அதே தாளம், அதே சுருதி. மெசின் ஒன்றும் சொல்லவில்லையே, இவர் ஏன் கத்துகிறார் என்று குழம்பினோம். கொஞ்சம் கழித்துத்தான் சத்தத்தின் சுருதி படிப்படியாகக் கீழே இறங்கியது. உள்ளே ஆட்கள் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.

கதவு திறந்து ஒரு டொக்டர் வெளியே வந்தார். "அம்மா வேற ஏதும் குளிசை போடுறவவா? நித்திரைக்கு? உண்மையைச் சொல்லுங்கோ. இப்ப எனக்குக் கட்டாயம் தெரியவேணும்."

ராத்தா அழத் தொடங்கினார். தம்பி நிலத்தைப் பார்த்தான். வகுப்பில் பிள்ளைகளுக்கு "பொய் சொல்லக் கூடாது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்போம்! அந்த வாசலில் எங்களுக்கு நாக்கு எழும்பவில்லை. கடைசியில் சொன்னோம். பத்து வருடமாகப் போடுகிறார், ஒவ்வொரு இரவும்.

குளிசையின் பேரைக் கேட்டார். சொன்னோம். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தியது.

அந்த நிமிடங்களை எழுதத் தெரியவில்லை. யாசீன் ஓத வாயெடுத்தால் பாதியில் மறந்து போகிறது.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா திரும்பி வந்தார். மத்தியானம் கட்டிலில் கண் திறந்து கேட்ட முதல் கேள்வி: "முடிஞ்சுதா? நல்ல நித்திரை ஒன்டு கொண்டேன் மகள்." நடந்த எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. அந்த ஊசி ஞாபகத்தையும் சேர்த்தே துடைத்துவிடுமாம். காலையில் வானில் கைப்பைக்குள் தேடியது தஸ்பீஹ் மணியை அல்ல என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. பயத்தில் அரைக் குளிசை போட்டிருக்கிறார்.

பின்னேரம் வேலை முடிந்து போகும் முன் அந்தத் தாதி எங்களிடம் வந்தார். "மெசின் 97 காட்டிக்கொண்டிருந்ததே, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டோம்.

"நான் மெசினை மட்டும் பார்க்கிறேல்லை. நெஞ்சைப் பார்ப்பன். நெஞ்சு அசைஞ்சது, ஆனா மூக்கில காத்து வரேல்லை. நாக்கு பின்னால விழுந்து வழியை அடைச்சிட்டுது. பிறகு நெஞ்சும் நிண்டுட்டுது. 97 எண்டது பழைய கணக்கு."

பழைய கணக்கு! விஞ்ஞானம் படிப்பிக்கிற எங்களுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். காதிலோ விரலிலோ மாட்டும் ஒக்சிமீட்டர் இரத்தத்தில் ஏற்கெனவே ஏறிய ஒட்சிசனை அளக்கிறது. கொவிட் காலத்தில் 2021இல் எங்கள் ஊரிலும் வீடு வீடாகக் கைமாறிய அதே கருவிதான். ஜப்பானியப் பொறியியலாளர் டக்குவோ அயோயாகி 1974இல் கண்டுபிடித்தது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கருவி. ஆனால் ஆள் இப்போது மூச்சு விடுகிறாரா என்பதை அது நேரடியாகப் பார்ப்பதில்லை.

சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபிறகும் வளர்ந்த ஒருவரின் நுரையீரலில் ஏறக்குறைய இரண்டரை லீற்றர் காற்று மிஞ்சியிருக்கும். அதில் இருக்கும் ஒட்சிசன் அரை லீற்றருக்கும் குறைவு. சும்மா படுத்திருக்கும் உடம்பு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட கால் லீற்றர் ஒட்சிசனைச் செலவழிக்கும். ஆகவே மூச்சு நின்றால் கையிருப்பு ஒன்றிரண்டு நிமிடத்துக்குத்தான். மயக்க ஊசி போடும்போது மூக்கில் குழாய் வைத்து மேலதிக ஒட்சிசன் கொடுப்பார்கள். அது நல்லது, கையிருப்பைக் கூட்டுகிறது. ஆனால் அதே காரணத்தால், மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரத்துக்கு இலக்கம் 97, 98 என்றே நிற்கும். இலக்கம் விழத் தொடங்கும்போது கையிருப்பு முடிந்துகொண்டிருக்கும். பிறகு மூளைக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்.

அப்படியானால் மூச்சை எதை வைத்து அளப்பது? உள்ளே போகும் ஒட்சிசனை விட்டுவிட்டு, வெளியே வரும் காபனீரொட்சைட்டைப் பார்க்க வேண்டும். வகுப்பில் எத்தனை தரம் செய்து காட்டியிருக்கிறோம்! தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் ஊதினால் அது பால் நிறமாகும். வெளிக் காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 வீதம்தான். நாங்கள் விடும் மூச்சில் அது 4 வீதம் அளவில், நூறு மடங்கு. மூச்சு வந்தால் காபனீரொட்சைட்டு வரும். மூச்சு நின்றால் அடுத்த கணமே நிற்கும். அதை ஒவ்வொரு மூச்சுக்கும் அளந்து திரையில் அலையாகக் காட்டும் கருவிக்குப் பேர் கெப்னோகிராப். அமெரிக்க மயக்க மருந்து நிபுணர்களின் சங்கம் 2011 ஜூலையிலிருந்து அரை மயக்கத்திலும் ஆழ்ந்த மயக்கத்திலும் இந்தக் காபனீரொட்சைட்டுக் கண்காணிப்பைத் தன் தராதரத்தில் சேர்த்தது. அது இல்லாத அறையில் அந்த வேலையை ஒரு மனிதர்தான் செய்ய வேண்டும். கண்ணால், காதால், மூக்குக்கு முன்னால் பிடித்த கையால். உம்மாவுக்கு அன்றைக்குக் கெப்னோகிராப் அந்தத் தாதிதான்.

வசதி இருந்தால் இப்படி நடக்காது என்று சிலர் நினைக்கலாம். ஜோன் ரிவர்ஸ் என்று அமெரிக்காவில் பேர்போன நகைச்சுவைக் கலைஞர். 2014 ஓகஸ்ட் 28ஆம் திகதி நியூயோர்க்கில் ஒரு தனியார் கிளினிக்குக்குத் தொண்டையையும் இரைப்பையையும் பார்க்கப் போனார். வயது 81. மயக்கத்துக்குப் புரோபோபோல் கொடுத்தார்கள். மைக்கல் ஜாக்சனின் மரணத்தில் பேசப்பட்ட அதே மருந்து. நடுவில் மூச்சு முடங்கி இதயம் நின்றது. செப்டெம்பர் 4ஆம் திகதி இறந்தார். ஒட்சிசன் இல்லாமல் மூளை பழுதானதே காரணம் என்று நகரத்தின் மரண விசாரணை வைத்திய அதிகாரி அறிவித்தார். அரச விசாரணையில் வந்தவை: உடல்நிலை மோசமாகிக்கொண்டு போனதை நேரத்துக்குக் கவனிக்கவில்லை. மருந்து கொடுக்கும் முன் நிறையைக் குறிக்கவில்லை. மயக்கத்தில் இருந்தவரை ஒருவர் போனில் படம் எடுத்திருக்கிறார். உலகத்தின் பணக்கார நகரத்தில் இல்லாமல் போன அந்த இரண்டு கண்கள் எங்களுக்குக் கிடைத்தன.

சரி, டொக்டர் ஏன் வெளியே ஓடிவந்து கேட்டார்? உம்மாவுக்குப் போட்ட ஊசியும் நித்திரைக் குளிசையும் ஒரே வகை. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் மூச்சை அமத்தும். முதலிலேயே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார், அல்லது வேறு வழி பார்த்திருப்பார். அது ஒரு பக்கம். மற்றப் பக்கம்தான் எங்களை இன்றைக்கும் நடுங்க வைப்பது. அந்த ஊசிக்கு எதிர்மருந்து உண்டு. ஆனால் அந்த வகைக் குளிசையை நெடுங்காலம் போட்டுப் பழகியவருக்கு அதைக் கொடுத்தால் வலிப்பு வரலாம். கையில் எடுத்த மருந்தைப் போடுவதா விடுவதா என்ற முடிவு, வாசலில் நின்ற எங்கள் வாயில் இருந்தது. அவர் அதைப் போடவில்லை. கமெராவை வெளியே எடுத்து, நாடியைத் தூக்கிப் பிடித்து, முகமூடி வைத்துப் பலூனை அமத்தி, உம்மா தானாக மூச்சு எடுக்கும்வரை அவருக்காக அவர்கள் மூச்சு விட்டிருக்கிறார்கள்.

இரைப்பையில் புண் இருந்தது. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட குளிசையால் வந்திருக்கலாம் என்றார்கள். அதையும் நாங்கள் படிவத்தில் சொல்லவில்லை. குளிசையென்றே அதைக் கணக்கெடுக்கவில்லை.

கீழே பார்க்க வேண்டியது பாக்கி. இரண்டு மாதம் கழித்து, இந்த முறை சத்திரசிகிச்சை அறையில் மயக்க மருந்து நிபுணரை வைத்துச் செய்ய ஏற்பாடு. முதல் கிழமையே அவரைச் சந்திக்கப் போனோம். எல்லாவற்றையும் நாங்களே சொல்வதென்று முடிவெடுத்துத்தான் போனோம். எங்களை முந்திக்கொண்டு உம்மா சொன்னார்:

"டொக்டர், நான் நித்திரைக் குளிசை போடுறன். பத்து வருசமாப் போடுறன். குறட்டையும் விடுவேனாம்."

அவர் தலை நிமிர்த்தாமல் எழுதினார். "நடுவில மூச்சு நிண்டு நிண்டு வருதோ? பகல்ல நித்திரை தூங்கி விழுறதோ?" கழுத்தை அளந்தார். வாயைத் திறந்து பார்த்தார். கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு அலை வரைந்து, "இது உங்கட மூச்சு. இந்த முறை இதைப் பார்த்துக்கொண்டே இருப்பம்" என்றார். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வெளியே வந்து உம்மா கேட்டார்: "இவ்வளவுதானா? இதுக்கா இத்தினை வருசம் ஒளிச்சன்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

உறவுகளே, நாங்கள் பட்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1. போடும் எல்லாக் குளிசையையும், மட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, நித்திரைக் குளிசை எல்லாம். குடி, கஞ்சா பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். டொக்டர் தீர்ப்புச் சொல்ல உட்காரவில்லை, அளவு பார்க்கத்தான் கேட்கிறார்.

2. குறட்டை வெட்கப்படும் விசயமல்ல. நடுவில் மூச்சு நின்று வந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பக்கத்தில் படுக்கிறவர்தான் இதற்குச் சாட்சி. முடிந்தால் அவரும் கூடப் போகட்டும்.

3. "வெறும் வயிறு" என்றால் வெறும் வயிறுதான். மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்தால் நுரையீரலுக்குள் போகும். வழமையான குளிசையை அன்று காலை போடலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

4. கட்டுப் பல்லைக் கழற்றுங்கள். நகப்பூச்சும் கறுப்பு மருதோன்றியும் வேண்டாம்.

5. எங்கள் சகோதரிகளுக்கு: பெண் தாதி இருக்கட்டும் என்று கேளுங்கள், தலை மூடத் தொப்பி கேளுங்கள். தருவார்கள். ஆனால் கழுத்தையும் நெஞ்சையும் துணியால் சுற்றிக்கொண்டு படுக்காதீர்கள். உயிரைக் காப்பதும் மார்க்கம்தான்.

6. "மயக்கத்தில் இருக்கும்போது மூச்சை யார் பார்ப்பார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும். கேட்பது குற்றமில்லை.

7. அன்றைக்கு அவர் தனியாக வீடு திரும்பக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது. அன்றிரவு பக்கத்தில் ஒருவர் படுங்கள். எழுப்ப முடியாத நித்திரை, நீலம் பாய்ந்த உதடு என்றால் யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள்.

8. இதை வாசித்துவிட்டு நித்திரைக் குளிசையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து. டொக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

உம்மா இப்போது கிளினிக்குக்குப் போய் அப்படித்தான் குறைத்து வருகிறார். இரண்டாவது சோதனையில் ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஈமோகுளோபினும் ஏறிவிட்டது. முற்றத்தை ஒரே மூச்சில் கூட்டி முடிக்கிறார். குறட்டை மட்டும் இருக்கிறது, அதற்கும் வைத்தியம் நடக்கிறது. சில இரவுகளில் அது நடுவில் நிற்கும்போது நாங்கள் முழித்துக்கொள்வோம். முன்பு சிரித்தோம். இப்போது அடுத்த மூச்சு வரும்வரை எண்ணுகிறோம்.

அன்றைக்கு மெசினை விட்டு நெஞ்சைப் பார்த்த அந்தச் சகோதரிக்கு எங்கள் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ உண்டு. நீங்களும் ஒரு துஆ செய்யுங்கள். யாருக்காவது பயன்படும் என்று நினைத்தால் பகிருங்கள்.